டிரினிடாட் தீவின் மேக்ஸி டாக்ஸி: ஒரு ரிட்டயர்டு கண்டக்டரின் மதிப்பீடு

கரீபியன் கடலில் இருக்கிற டிரினிடாட் தீவைப் பேக்கேஜ் இல்லாமல், கார் வாடகைக்கு எடுக்காமல், அந்த ஊர் ஜனங்கள் ஏறுகிற வண்டியிலேயே சுற்ற முடியுமா என்று சேலத்தில் நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். முடியும். நானும் என் வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான் சுற்றினோம். அதைச் சாத்தியமாக்கியது மேக்ஸி டாக்ஸி என்று அங்கே சொல்கிற வேன்கள்தான். முதலில் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன், பிறகு அது எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடங்களைப் பற்றி.

நான் அரசு போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி சர்வீஸ் சேலம் டவுன் பஸ், மீதி ஏற்காடு ரூட். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலையும் கடற்கரையையும் பார்ப்பதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டைத்தான் பார்ப்பேன். படிக்கட்டு எவ்வளவு உயரம், சில்லறை யார் தருகிறார்கள், வயசானவர் காலைத் தரையில் வைக்கும்வரை டிரைவர் நிற்கிறாரா என்பதெல்லாம்தான் என் கண்ணில் படும். அந்தக் கண்ணால் பார்த்து எழுதுவது இது.

எங்கள் மகள் ஆம்ஸ்டர்டாம் பக்கம் வேலையில் இருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கிற டிரினிடாட் பெண் சொல்லித்தான் இந்த யோசனையே வந்தது. கிளம்பும் முன் சேலத்தில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். கரீபியன் என்றதும் கப்பல் பேக்கேஜைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு தீவிலும் சில மணி நேரம் இறக்கி, மறுபடி கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். ஒரு ஊரில் நாலு தடவை பஸ் ஏறாமல் அந்த ஊரைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பெங்களூரில் ஏறி, மகள் வீட்டில் தங்கி, அங்கிருந்து டிரினிடாடின் பியார்கோ விமான நிலையத்துக்குப் போனோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்கப் போனால் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் வழியில் மாறுகிற நாட்டின் சட்டம் வேறு. அமெரிக்கா வழியாக டிக்கெட் போட்டால், அங்கே வெறுமனே விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் போடும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்திய அரசு வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் டிரினிடாட் தீவும் இருக்கிறது. அதே நாட்டைச் சேர்ந்த பக்கத்துத் தீவான டொபேகோ அதில் இல்லை. டிரினிடாடிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால், மீதி நாளைத் தனிமை முகாமில் கழிக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அனுமதித்த மையத்தில்தான் போடுவார்கள். நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டோம். அறுபது வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் ஆபத்து கூடுதல். அதனால் முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள், அவர் சம்மதித்தால் மட்டும் போங்கள். என் வயதுக்காரர்கள்தான் இதை அதிகம் படிப்பீர்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இனி மேக்ஸி. நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸில் மேக்ஸி கேப் என்று பெர்மிட் கொடுக்கிற சைஸ்தான் சின்ன வண்டி, பன்னிரண்டு பேர் உட்காரலாம். பெரிய வண்டியில் இருபத்தைந்து பேர். எல்லாமே வெள்ளை வண்டிகள். பக்கவாட்டில் நீளமாக ஒரு கலர் பட்டை ஓடும். அந்தப் பட்டைதான் போர்டு. மஞ்சள் பட்டை தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினும் அதன் மேற்குப் பக்கமும். சிவப்பு கிழக்கே அரீமா, சாங்ரே கிராண்டே வரை. பச்சை நடுப் பகுதிக்கும் தெற்கே சான் ஃபெர்னாண்டோவுக்கும். கறுப்பு பிரின்சஸ் டவுன். பழுப்பு, சான் ஃபெர்னாண்டோவிலிருந்து தென்மேற்கு மூலைக்கு. நீலம் டொபேகோவில் ஓடுவது. இந்த ஆறு கலரும் மனசில் நின்றுவிட்டால் தீவின் வரைபடம் கைக்கு வந்த மாதிரி.

இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் பஸ் ஸ்டாண்டில் படுகிற பாடு கண்டக்டருக்குத் தெரியும். "அம்மாப்பேட்டை போவுங்களா? குகை போவுங்களா?" என்று ஒவ்வொரு வண்டி வாசலிலும் கேட்டுக்கொண்டே ஓடுவார்கள். நம் ஊரில் மகளிர் இலவசப் பஸ்ஸின் முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த பிறகு, வயசான அம்மாக்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துக் கையைக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கலர் எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு அதுவே போதும். டிரினிடாடில் நாடு முழுக்க அதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலீஷ் போர்டைக் கஷ்டப்பட்டுப் படிக்கிற என் மனைவி, இரண்டாம் நாளிலிருந்து என்னைக் கேட்பதையே விட்டுவிட்டாள். "ஏங்க, பச்சை வந்திருச்சு, கிளம்புங்க" என்று அவளே முன்னால் நடந்தாள்.

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் எல்லா ரூட்டும் கூடுகிற இடம் சிட்டி கேட். அது பழைய ரயில் நிலையக் கட்டடம். டிரினிடாடில் 1876ல் ரயில் ஓட ஆரம்பித்து 1968ல் நின்றுபோனது. ரயில் போன பாதையை வீணாக்காமல், தலைநகரிலிருந்து அரீமா வரை பஸ்ஸுக்கும் மேக்ஸிக்கும் மட்டுமான தனி ரோடாக ஆக்கிவிட்டார்கள். பக்கத்து ஹைவேயில் கார்கள் அசையாமல் நிற்கும்போது, நம்ம வண்டி இந்த ரோட்டில் நிற்காமல் போகும். ஐந்து ரோடு நெரிசலில் டபுள் விசில் கொடுத்துக் கொடுத்து வாய் வலித்த எனக்கு, பஸ்ஸுக்கென்று தனியாக ஒரு ரோடு என்பது பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி. ஏறும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு வண்டிகளில் சில இந்தத் தனி ரோட்டில் போகும், சில ஊர்களுக்குள் போகிற மெயின் ரோட்டில் போகும். கேட்காமல் ஏறினால் இறங்க வேண்டிய இடம் வேறு எங்கோ இருக்கும்.

டிக்கெட் கிடையாது. சின்ன வண்டியில் டிரைவரே காசு வாங்குகிறார். கட்டணம் ரூட்டுக்கு ரூட் முடிவானது, பேரம் இல்லை. வெளியூர்க்காரர் என்று எங்களிடம் எந்த மேக்ஸியிலும் ஒரு டாலர் கூடக் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் எவ்வளவு என்று கேட்டு அதையே எடுத்துக் கொடுப்போம், சரியாக இருக்கும். நாங்கள் போன தூரங்களுக்கு ஒரு ஆளுக்குப் பத்துப் பதினைந்து உள்ளூர் டாலருக்குள் முடிந்துவிட்டது. ஒரு டாலர் நம் பணத்தில் 12, 13 ரூபாய் வரும். நம் ரூபாயை அங்கே மாற்ற முடியாது, அமெரிக்க டாலராகக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போதே சின்ன நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். காலையில் முதல் வண்டியில் நூறு டாலர் நோட்டை நீட்டினால் எந்த டிரைவருக்கும் கஷ்டம்தான். ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பறவைப் படம் இருக்கிறது. ஒரு டாலர் சிவப்பு நோட்டில் அவர்களுடைய தேசியப் பறவையான செந்நிற அரிவாள்மூக்கன்.

வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவர்களைப் பார்த்து "குட் மார்னிங்" சொல்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். சொல்லாமல் ஏறினால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்களாம். யூனிஃபார்ம் போட்ட பள்ளிப் பிள்ளைகளிலிருந்து மண்வெட்டியோடு வருகிறவர் வரை இதைச் செய்கிறார்கள். என் சர்வீஸ் முழுக்க நெரிசலில் எத்தனையோ சண்டையை விலக்கியிருக்கிறேன். ஏறும்போதே ஒரு வணக்கம் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது என்று எனக்குத் தோன்றியது. நின்றுகொண்டு போவதும் இல்லை. சீட் இருந்தால்தான் ஏற்றுகிறார்கள், சீட்டுகளுக்கு நடுவில் நடக்கிற வழியில் மடக்குச் சீட்டை இறக்கி அதிலும் ஒருவர் உட்காருவார். ஃபுட்போர்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இறங்க பஸ்ஸர் பட்டன் இருக்கும். ஊர் தெரியாத எங்களுக்கு எப்போது அழுத்துவது என்று தெரியாது. ஏறும்போதே டிரைவரிடம் இடத்தைச் சொல்லிவிடுவேன். அதை வண்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் இடம் வந்ததும் பின்சீட்டிலிருந்து யாராவது, "அங்கிள், ஆன்ட்டி, உங்க ஸ்டாப் இதுதான்" என்று எங்களுக்காக அவர்களே அழுத்திவிடுவார்கள். கண்டக்டர் இல்லாத வண்டியில் கண்டக்டர் வேலையைப் பயணிகளே பார்க்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. டைம் டேபிள் என்று ஒன்று கிடையாது, ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். மதிய நேரத்தில் வெயிலில் நிற்கிற வண்டிக்குள் காத்திருப்பது வயசானவர்களுக்குக் கஷ்டம். சின்ன வண்டியின் கதவும் படியும் முட்டி வலிக்காரர்களுக்கு ஏற்றதல்ல. சில வண்டிகளில் பாட்டுச் சத்தம் நெஞ்சில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி ரொம்பக் குறைவு. நேரம் முக்கியம் என்றால் அரசு பஸ் இருக்கிறது, ஆனால் அதில் டிரைவரிடம் காசு கொடுத்து ஏற முடியாது. டெர்மினலில் முன்னாடியே டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். தலைநகருக்கும் சான் ஃபெர்னாண்டோவுக்கும் இடையே வாட்டர் டாக்ஸி என்ற படகுச் சேவையும் ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலையும் மாலையும் விடுகிறார்கள். ஒரு தடவையாவது ஏறிப் பாருங்கள், ஹைவே நெரிசலுக்கு அது நல்ல மாற்று.

மேக்ஸி போகாத இடத்துக்கு ஷேர் கார். இதில் கவனம் வேண்டும். நம்பர் பிளேட் H என்று தொடங்கினால் அது லைசென்ஸ் உள்ள வாடகை வண்டி. P என்று தொடங்கினால் சொந்தக் கார். அதையும் ஆள் ஏற்றி ஓட்டுகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் ஏறவும் செய்கிறார்கள், ஆனால் அது சட்டப்படி இல்லை. நாங்கள் P வண்டியில் ஏறவே இல்லை. எத்தனை நேரம் காத்திருந்தாலும் H வரட்டும் என்று நின்றோம்.

பாதுகாப்பைப் பற்றி மூடி மறைக்க மாட்டேன். டிரினிடாடில் துப்பாக்கிக் குற்றம் அதிகம். 2024 டிசம்பர் 30 அன்று அவசர நிலை அறிவித்தார்கள், 2025ல் மறுபடியும் அறிவித்தார்கள். பெரும்பாலும் கும்பல்களுக்குள் நடக்கிற சண்டை என்றாலும், வழியில் போகிறவருக்கும் ஆபத்து வரலாம். போகும் சமயத்து நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம் எளிது: பொழுது சாயும் முன் தங்குமிடம் வந்துவிடுவது, தலைநகரின் தெரியாத தெருக்களுக்குள் நடந்து போகாதது, வீட்டு உரிமையாளர் அம்மா வேண்டாம் என்ற இடத்துக்குப் போகாதது. கைடோடு ஆமை பார்க்கப் போன ராத்திரி தவிர, அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை.

தங்கியது கியூரீப் என்ற ஊரில் ஒரு வீட்டு மாடி அறை. தலைநகரில் தங்காமல் இங்கே தங்குவதுதான் சரி என்பேன். தனி பஸ் ரோடு பக்கத்திலேயே போகிறது, கிழக்கே போகவும் மேற்கே போகவும் வண்டிக்குப் பஞ்சமில்லை. விடிகாலையில் டபுள்ஸ் கடைகளும் இங்கே பேர் போனவை. மைதா மாவில் மஞ்சள் சேர்த்துப் பொரித்த பரா என்கிற இரண்டு மெல்லிய ரொட்டிக்கு நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச் சட்னி, வெள்ளரிக்காய், மிளகாய்ச் சாஸ். காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள், நின்றபடியே சாப்பிட வேண்டும். 1936ல் பிரின்சஸ் டவுனில் தீன் என்ற குடும்பம் ஆரம்பித்தது இன்று நாட்டின் காலை உணவாகிவிட்டது. சாயங்காலம் நம் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் கடையைச் சுற்றி ஜனம் நிற்குமே, அதே நிற்பு, அதே அவசரம், "காரம் கொஞ்சமா, நிறையவா" என்ற அதே கேள்வி. "நிறைய" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த மிளகாய் நம் மிளகாய் இல்லை. "கொஞ்சம்" என்பதே நமக்கு நிறைவாக இருக்கும்.

பச்சை வண்டியில் ஷகுவானஸ் போய், அங்கிருந்து ஷேர் காரில் வாட்டர்லூ கடற்கரைக்குப் போனோம். கடலுக்குள் கோயில் இருக்கிற இடம் அது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் டிரினிடாடுக்கு முதலில் வந்து இறங்கியது 1845 மே 30, ஃபதல் ரசாக் என்ற கப்பலில். 1917 வரை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பெரும்பாலும் வட நாட்டவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சிறு பங்குதான், அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் காளிக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள்.

வாட்டர்லூ கோயிலைக் கட்டியவர் சிவ்தாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி. 1947ல் கடற்கரையோரமாக ஒரு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. இடிக்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார். கோயிலை இடித்து, அவரைப் பதினான்கு நாள் ஜெயிலில் போட்டார்கள். நிலம்தானே உங்களுடையது, கடல் யாருடையதும் இல்லையே என்று, வெளியே வந்ததும் கடலுக்குள் கட்ட ஆரம்பித்தார். சைக்கிளில் பக்கெட்டைக் கட்டி, கல்லும் மண்ணும் சிமென்டும் சுமந்து, தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போய்க் கொட்டி, பல வருஷம் இதையே செய்தார். அலை அரித்ததைத் திரும்பக் கட்டினார். இப்போது நிற்கிற வெள்ளைக் கோயில் அவர் காலத்துக்குப் பிறகு அரசாங்க உதவியோடு எழுப்பப்பட்டது, 1995ல், கூலிகள் வந்த 150ஆம் ஆண்டில் திறந்தார்கள். சாதுவின் சிலை அங்கே இருக்கிறது. என் மனைவி எந்தக் கோயிலிலும் அவசரப்பட மாட்டாள், இங்கே அவள் சாமியைவிட அந்தச் சிலையின் முன்னால்தான் அதிக நேரம் நின்றாள். "ஒத்த ஆளுங்க" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. பக்கத்திலேயே கராபிசைமாவில் 85 அடி உயர அனுமார் சிலை இருக்கிறது, அதையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

பழுப்பு வண்டி லா ப்ரேயா பக்கம் போகும். அங்கே தார் ஏரி. சுமார் நூறு ஏக்கர், ஆழம் 75 மீட்டர் என்கிறார்கள். தண்ணீர் ஏரி என்று நினைத்துப் போனால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறத் தரை. ஆனால் அந்தத் தரை மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது, வெட்டி எடுத்த பள்ளம் தானாக நிரம்புகிறது. 1595ல் வால்ட்டர் ராலே என்ற இங்கிலாந்துக் கடலோடி தன் கப்பல் ஓட்டைகளை அடைக்க இங்கிருந்து தார் எடுத்தார். 1876ல் வாஷிங்டனில் பென்சில்வேனியா அவென்யூ ரோட்டுக்கு இந்தத் தார்தான் போனது. வாழ்நாள் முழுக்கத் தார் ரோட்டின் மேலேயே பிழைத்தவன் நான். தார் பிறக்கிற இடத்தில் நின்றது எனக்கு ஒரு தரிசனம். கைடு இல்லாமல் இறங்காதீர்கள், சில இடங்கள் இளகி இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் கால் வைக்க முடியாது.

மராக்கஸ் கடற்கரைக்கு மேக்ஸி அபூர்வம், H வண்டி ஒன்றை முழுதாகப் பேசிக்கொண்டு போனோம். இரண்டாம் உலகப் போரில் தீவின் வடமேற்கு மூலையை ராணுவத் தளத்துக்கு எடுத்துக்கொண்ட அமெரிக்கர்கள், அதற்கு ஈடாகப் போட்டுக் கொடுத்த மலை ரோடு அது. வளைவுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற இருபது கொண்டை ஊசியில் வண்டி பார்த்தவனுக்குப் பதற ஒன்றுமில்லை. மேலே வியூ பாயின்டில் மாங்காய், அன்னாசியை நறுக்கி, உப்பு, பூண்டு, மிளகாய், கொத்துமல்லி வாசனையுள்ள ஓர் இலை சேர்த்துக் குலுக்கி விற்கிறார்கள். சேலத்துக்காரர்கள் மாங்காயில் சுலபமாகத் திருப்தி அடைய மாட்டோம். அது நன்றாகவே இருந்தது.

கரோனி சதுப்பு நிலத்தில் சாயங்காலப் படகு எடுத்தால் செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாகத் தீவுத் திட்டுகளில் வந்து அடைவதைப் பார்க்கலாம். பச்சை மரம் கண் முன்னால் சிவப்பாகிவிடும். படகு கரைக்கு வரும்போது இருட்டிவிடும், ஹைவே ஓரத்தில் நின்று மேக்ஸிக்குக் கை காட்டுவது சரியில்லை. போகும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்து டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள்.

மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை போனால் ஆமைக்காக ஒரு ராத்திரி ஒதுக்குங்கள். வடகிழக்கு மூலையில் கிராண்ட் ரிவியேர், மத்தூரா கடற்கரைகளில் தோணி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒவ்வொன்றும் அரை டன் வரை கனம். அந்த மாதங்களில் அனுமதிச் சீட்டும் கைடும் இல்லாமல் கடற்கரைக்குள் விட மாட்டார்கள், சிவப்பு விளக்கு மட்டும்தான் அடிக்கலாம். சிவப்பு மேக்ஸியில் சாங்ரே கிராண்டே, அங்கிருந்து ஷேர் கார், பிறகு அந்த ஊரிலேயே தங்கல். கார் நிறைய வெகு நேரம் ஆகும், மதியத்துக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். ஆமை குழி தோண்டும் நேரத்தில் கைடு எங்களை எங்கே நிற்க வைத்தாரோ அங்கேயே நின்றோம். யாரும் பேசவில்லை, யாரும் போட்டோவுக்கு அலையவில்லை. ஏற்காட்டுக்கு வருகிற டூரிஸ்ட்டுகள் காட்டெருமையைப் பார்த்தால் போடுகிற சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. நாமும் கற்றுக்கொள்ளலாம்.

டொபேகோவுக்கு விமானமும் உண்டு, இருபது நிமிஷச் சொச்சம். நாங்கள் கப்பலில்தான் போனோம், மூன்றரை, நாலு மணி நேரம். டிக்கெட்டை முன்னாடியே வாங்க வேண்டும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். டிரினிடாடின் வடமேற்கு வாயைத் தாண்டியதும் அலை தூக்கும். வாந்தி வருகிறவர்கள் ஏறும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது. ஸ்கார்பரோவில் இறங்கி அரசு பஸ் பிடித்தால் தீவின் கடைசியில் இருக்கிற ஷார்லட்வில் வரை போகலாம். நீலப் பட்டை மேக்ஸி அங்கே குறைவு, டொபேகோவில் பஸ்ஸை நம்புங்கள்.

அந்தத் தீவின் முதுகெலும்பாக ஓடுகிற மெயின் ரிட்ஜ் காட்டைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்கிறேன். காட்டை வெட்டினால் மழை நின்றுபோகும், மழை நின்றால் கரும்பும் போய்விடும் என்று 1776 ஏப்ரலில் சட்டம் போட்டு அந்தக் காட்டை ஒதுக்கிவிட்டார்கள். அது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் லாபக் கணக்கு, அதில் உழைத்தவர்கள் அடிமைகள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் காடு பிழைத்தது. 1963ல் ஃப்ளோரா புயல் அதை அடித்துச் சாய்த்தும் திரும்ப எழுந்து நிற்கிறது. ரப்பர் பூட்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தோம். சேர்வராயன் மலைச் சரிவில் ஒவ்வொரு கோடையிலும் தீ ஏறுவதை ஏற்காடு பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தவன் நான். நம் மலைக்கும் காடுதான் மழை. அது 1776லேயே ஒரு சின்னத் தீவில் சட்டமாக இருந்திருக்கிறது என்பதைச் சேலத்துப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

யாருக்கு இந்தப் பயணம் சரிவரும் என்று கேட்டால், காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு. கைக்குழந்தை உள்ளவர்களும் முட்டி ஆபரேஷன் செய்தவர்களும் கார் எடுத்துக்கொள்வது நல்லது. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் பழகுவது கஷ்டமில்லை. ஜனவரியிலிருந்து மே வரை மழை குறைவு, அதற்குள் போங்கள். கார்னிவல் என்ற திருவிழா நடக்கிற வாரத்தில் மட்டும் அறை வாடகை எகிறும். கரன்ட் அங்கே 115 வோல்ட், பிளக்கும் தட்டை முள், அதற்கான அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கும்படி விமான டிக்கெட் போடாதீர்கள். முதல் நாளே வண்டி இல்லாமல் நின்றால் மேக்ஸியின் மேல் உங்களுக்கு நம்பிக்கை வராது. திங்கட்கிழமை காலை சிட்டி கேட்டில் போய் நின்று பாருங்கள்.